எடுத்துடுங்கப்பா

பதினான்காம் அத்தியாயம்

நெட்டை வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் எங்கே இருக்கிறான் என்ற கேள்வி முதல் சில மாதங்கள் அந்த வீட்டில் சத்தமாகவே இருந்தது. பிறகு சத்தம் குறைந்தது. இருக்கிறானா என்ற இன்னொரு கேள்வியாக மாறி, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் இருந்த அதிகாரி, "உங்க பக்கத்துல ஏதாவது தகவல் வந்தா சொல்லுங்க" என்று கை கழுவியதையும், அவனுடைய அக்கா அந்த அலுவலகப் படிக்கட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததையும் போன வாரம் பார்த்தோம்.

அந்தத் தகவல் சில வாரங்களாகவே வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் இருந்த இரண்டு பேரும் அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடி மூச்சு வாங்குதும்மா" என்றார் அப்பா, கூடத்திலிருந்து.

அக்காவுக்கு அந்த வீட்டில் பெயர் டக்கு. விசைப்பலகையில் அவள் பத்து விரலும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தை வைத்து நெட்டை சின்ன வயதில் கொடுத்த பட்டம் அது. அந்தச் சத்தமே பிறகு அவள் பிழைப்பாகிவிட்டது. காது கேட்காத மாணவர்கள் படிக்கும் கல்லூரி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்தாள். ஆசிரியர் அங்கே பேசுவார். பேச்சு இணையம் வழியாக அவள் காதுக்கு வரும். அவள் கேட்டபடியே எழுத, எழுத்து அந்த நொடியே வகுப்பில் இருக்கும் திரையில் ஓடும். அவள் விரல் நின்றால் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆசிரியர் வெறுமனே வாயசைக்கும் மனிதராகிவிடுவார்.

இன்று காலை அவள் விரல் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் நின்றது.

வகுப்பு தொடங்கியதுமே பெட்டிக்குள் இருந்த விசிறி சுழலத் தொடங்கி, சுழன்று, பறந்துபோய்விடும்போல் இரைந்தது. அவள் அடித்த எழுத்துகள் திரையில் வராமல் எங்கேயோ தேங்கி நின்றன. ஒரு வாக்கியம் முழுக்க அடித்து முடித்த பிறகு அதன் முதல் சொல் மெல்லத் தலைகாட்டியது. பிறகு எல்லாம் மொத்தமாகக் கொட்டியது. அதற்குள் ஆசிரியர் அடுத்த படத்துக்குப் போய்விட்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் மேற்பார்வையாளர் அழைத்தார். அவர் கோபித்துப் பேசும் ஆள் இல்லை. அதனால்தான் அவர் பேசினால் பயமாக இருக்கும்.

"டீச்சர் 'கரைவது இல்லை'ன்னு சொன்னார். உங்க திரையில 'கரைவது' வரைக்கும் வந்து நின்னுடுச்சு. பசங்க கரையும்னு எழுதிக்கிட்டாங்க."

"பெட்டிதான் சார் இழுக்குது. இன்னைக்கே பாத்துடறேன்."

"சாயங்காலம் ஒரு வகுப்பு இருக்கு. அதுவும் இப்படியே ஆச்சுன்னா நான் வேற ஆளைப் போட்டாகணும். எனக்கும் மேல கேப்பாங்க இல்லையா?"

"கேப்பாங்க சார்" என்றாள் டக்கு.

அவள் போனை வைப்பதற்குள் அப்பா வந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, இணையக் கம்பியைப் பிடுங்கினார். விசிறியின் இரைச்சல் இறங்கி, ஒரு முனகலாகி, அடங்கியது.

"பாத்தியா. சூடான மோட்டாரை நிறுத்தி வைக்கணும். நான் எத்தனை வருஷம் கிரேன் ஓட்டியிருக்கேன்."

"அப்பா, இது மோட்டார் இல்ல."

"சுத்துதில்ல? சுத்தினா மோட்டார்தான்."

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்க்கையின் பெரும்பகுதியை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், மற்ற மனிதர்களின் தலைக்கு மேலே தனியாகக் கழித்தவர். கீழே நிற்பவர்கள் கையை ஆட்டுவார்கள். இவர் தூக்குவார், இறக்குவார். யாரிடமும் பேச வேண்டியிருக்காது. தரைக்கு வந்த பிறகும் அவருக்குப் பேச்சு சரியாகப் படியவில்லை. பேசாமலே இருப்பார். பேசினால் சுமையைக் கைதவற விட்ட மாதிரி பேசிவிடுவார்.

அப்படித்தான் அன்றைக்கும் பேசினார். அம்மாவின் மூச்சு நின்ற நாளில் நெட்டை ஊரில் இல்லை. நண்பர்களோடு எங்கேயோ போயிருந்தான். போன் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பையும் தோளுமாக வாசலில் வந்து நின்றவனிடம் அப்பா, "இனிமே என் கண்ல படாத" என்றார். வீட்டில் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். நெட்டை அதே பையோடு திரும்பி நடந்தான். அந்தச் சொல்லை அப்பா திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை.

டக்கு கம்பியை மறுபடி சொருகினாள். விசிறி எழுந்தது. பிடுங்கினாள். அடங்கியது. சொருகினாள். எழுந்தது. ஒரு குழந்தையின் வாயிலிருந்து பாட்டிலை எடுத்து எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இதை அவள் பல நாளாகவே செய்து பார்க்கிறாள். கம்பியை மாற்றிவிட்டாள். வைரஸ் இருக்கிறதா என்று முழுப் பெட்டியையும் அலசிவிட்டாள். கம்பி சொருகும் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரலை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். எந்த நிரல் புராசஸரைத் தின்கிறது என்று பட்டியலைத் திறந்து பார்த்தால், முதலிடத்தில் நிற்பது ஆன்டிவைரஸ். அதை நிறுத்தினால் இரைச்சல் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மிச்சம் இருந்தது அந்தக் கார்டுதான். அது சாகப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டாள்.

"கடைக்குப் போய் ஒரு கார்டு வாங்கிட்டு வந்துடறேன்பா. பெட்டியை அணைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்."

"சாப்பிட்டுப் போ."

"வந்து சாப்பிடறேன்."

"வந்து சாப்பிடறேன்னு சொல்றவங்க யாரும் இந்த வீட்ல வந்து சாப்பிட்டதில்ல" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் அது யாரைத் தொடுகிறது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்து, முனையில் இல்லாத தூசியை ஊதினார்.

*

கம்ப்யூட்டர் கடை ஒரு நடைபாலத்துக்கு அடியில் இருந்தது. மேலே ஆட்கள் நடக்கும்போது கூரை அதிரும். கடையை நடத்திய பெண் மேசைமேல் ஒரு பெட்டியைப் பிரித்துப்போட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் அதன் வயிற்றைத் தூசிதட்டிக்கொண்டிருந்தாள். டக்கு சொன்னதையெல்லாம் தலைநிமிராமலே கேட்டாள்.

"கம்பியைப் பிடுங்கினா அமைதி. சொருகினா கத்தல். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். கார்டுதானே?"

"கார்டாவும் இருக்கலாம். வாசக்கதவு கிறீச்சுன்னு கத்துதுன்னா கீலும் காரணமா இருக்கலாம், ஓயாம உள்ள வெளிய நடக்கற ஆளும் காரணமா இருக்கலாம். யார் நடக்கறாங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆன்டிவைரஸ்தான் முதல்ல நிக்குது."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். "அது காவல்காரன்ங்க. காவல்காரன் ஓடறான்னா யார் பின்னாடியோ ஓடறான். அதே பட்டியல்ல நெட்வொர்க்குன்னு ஒரு தலைப்பு இருக்கும். அதை ஒரு அழுத்து அழுத்தினா, யார் அதிகமா இழுக்கறான்னு வரிசை மாறி நிக்கும். வீட்ல யாராவது இருக்காங்களா?"

"அப்பா இருக்கார்."

"பாக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கார்டு வாங்கறதா வேண்டாமான்னு யோசிப்போம். எனக்கு வித்தா லாபம்தான், ஆனா நாளைக்கு வந்து நீங்க என்னைத்தானே திட்டுவீங்க."

டக்கு அழைத்தாள். மூன்றாவது மணி அடித்ததும் அப்பா எடுத்தார். அவரைப் பெட்டிமுன் உட்காரவைத்து, கம்பியைச் சொருகச் சொல்லி, பட்டியலைத் திறக்கவைத்து, நெட்வொர்க் என்ற தலைப்பைத் தேடவைப்பதற்குள் நடைபாலத்தின்மேல் ஒரு பள்ளிக்கூடமே கடந்துபோனது.

"அழுத்திட்டேன். எல்லாம் இடம் மாறுது."

"முதல்ல என்ன பேர் இருக்குப்பா?"

"இங்கிலீஷ்ல இருக்கு. ஜே. ஓ. டி. ஐ."

"ஜோடி" என்றாள் டக்கு.

அவளுக்கு உடனே நினைவு வந்தது. நெட்டை போட்டுவைத்த நிரல் அது. அம்மா நன்றாக இருந்த காலத்தில், தன் போனையும் வீட்டுப் பெட்டியையும் ஜோடி சேர்த்துவைத்திருந்தான். அவன் போனில் எடுக்கும் படம் இங்கே வந்துவிடும். இங்கே போடும் படம் அங்கே போய்விடும். இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும். அம்மாவின் படங்களும், அவள் பேசுவதும் திட்டுவதும் துணி மடிப்பதுமான வீடியோக்களும் முழுக்க அதில்தான்.

அவன் போன் எண் செத்து எத்தனையோ மாதம் ஆகிறது. செத்துப்போன எண்ணைத் தேடித் தேடி இந்தப் பெட்டி களைத்துப்போகிறதாக்கும் என்று அவள் நினைத்தாள். போனவன், போன பிறகும் அவள் வேலையைப் பறிக்கப் பார்க்கிறான்.

"அது நெட்டை வச்சிட்டுப் போனதுப்பா. அதுதான் இழுக்குது. எடுத்துடுங்கப்பா."

"எடுத்துடவா?"

"ஆமா. எடுத்துடுங்க. சரியாயிடும்."

"பேர் பக்கத்துல ஒரு நம்பர் ஏறிக்கிட்டே இருக்கே டக்கு."

"எதுக்குக் கீழ?"

"அனுப்பியதுன்னு போட்டிருக்கு."

"இருக்கட்டும்பா. எடுத்துடுங்க, நான் வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று சிரித்தாள். கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்திருந்தாள்.

"அனுப்பியதா சொன்னார் உங்கப்பா?"

"ஆமா. தம்பி போனோட ஜோடி சேத்தது. அந்த எண் செத்துப்போச்சு, அதைத் தேடிக்கிட்டே இருக்கு."

"தேடிக்கிட்டு இருக்கற நிரல் அவ்வளவு அனுப்பாதுங்க. கதவைத் தட்டறதுக்கு எவ்வளவு ஆகும்? அந்தப் பக்கம் வாங்கற ஆள் இருந்தாத்தான் நம்பர் ஏறும்." பிரஷ்ஷை ஓரமாகத் தள்ளினாள். "யாரோ உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. படமோ வீடியோவோ. போன்ல பட்டியல்தான் இருக்கும், அவங்க ஒவ்வொண்ணாத் திறக்கறப்போ உங்க பெட்டி அதை எடுத்துக் குடுக்குது. காவல்காரன் ஒவ்வொண்ணையும் சோதிச்சு அனுப்பறான். பழைய புராசஸர் எப்படித் தாங்கும்?"

டக்குவுக்குக் கடையின் கூரை அதிர்வதுபோல் இருந்தது. அப்போது மேலே யாரும் நடக்கவில்லை.

சில வாரங்களாக. காலையில் கொஞ்ச நேரம், மதியத்தில் வெகுநேரம். எண் செத்தாலும் வைஃபை கிடைக்கும் இடத்தில் போன் ஓடும். செய்வதற்கு வேறு வேலை இல்லாத ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து அம்மா துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பெட்டி மூச்சு வாங்கியதெல்லாம் அவன் பார்த்தது.

உயிரோடு இருக்கிறான்.

அந்த எண்ணம் முழுதாக எழுந்து நிற்பதற்குள் அடுத்த எண்ணம் வந்து அதன் காலை வாரியது. இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும்.

"இந்தப் பக்கம் ஒரு படத்தை அழிச்சா?" என்று கேட்டாள். பதில் தெரிந்துதான் கேட்டாள்.

"அந்தப் பக்கமும் போயிடும்" என்றாள் கடைக்காரப் பெண். "ஜோடின்னா அதானே."

டக்கு வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். அப்பா ஒரு வேலையில் கை வைத்துவிட்டால் போன் எடுக்க மாட்டார். கூண்டுக்குள் இருந்த காலத்துப் பழக்கம். சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போது எவன் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

நான் நிரலைத்தானே எடுக்கச் சொன்னேன் என்று பேருந்தில் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். நிரலை எடுத்திருந்தால் ஒன்றும் ஆகாது. இணைப்பு அறுந்திருக்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவள் நிரல் என்று சொல்லவில்லை. நெட்டை வைத்துவிட்டுப் போனது என்றாள். எடுத்துடுங்க என்றாள். அப்பாவுக்கு நிரல் என்றால் என்ன தெரியும்? ஜோடி என்று முகப்பில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் இருக்கிறது. அதைத் திறந்தால் அவன் வைத்துவிட்டுப் போனது எல்லாம் இருக்கிறது.

மற்றவர்கள் பேசும் சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொடுப்பவள் அவள். தன் சொல்லை எங்கே கோட்டைவிட்டாள் என்று பேருந்தின் ஜன்னலில் தெரிந்த முகத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அமைதிதான் பட்டது. விசிறி ஓடுவதே தெரியவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மவுஸைக் கிரேன் கைப்பிடியைப்போல் முழுக் கையாலும் பற்றி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் வெகுநாளாகப் பார்க்காத ஒரு சாந்தம் இருந்தது.

"வந்துட்டியா? பாரு, மூச்சு வாங்கறது நின்னேபோச்சு. இன்னும் நாலஞ்சுதான் இருக்கு."

"கையை எடுங்கப்பா."

"மொத்தமா எடுக்கத் தெரியல எனக்கு. ஒவ்வொண்ணாத்தான் எடுத்தேன். அதுவும் நல்லதுதான். உங்கம்மாவை ஒவ்வொரு படமாப் பாத்துட்டு, அப்புறம் எடுத்தேன். நீ வேற இடத்துலயும் வச்சிருப்ப இல்ல?"

"கையை எடுங்க."

அவள் குரல் அவருக்குப் புதிது. கையை எடுத்தார். திரையில் வெள்ளையாக ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. அதன் உச்சியில், கரையொதுங்கிய மாதிரி நான்கைந்து படங்கள்.

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொன்னாள். இந்தப் பெட்டி இத்தனை நாளும் கத்தியது அவனுக்காகத்தான் என்று சொன்னாள். இங்கே எடுத்தால் அங்கேயும் போய்விடும் என்று சொன்னாள்.

"அங்கயும்னா?"

"அவன் கையில இருக்கற போன்லருந்து."

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நான் எடுக்க எடுக்க?"

"ஆமாம்பா."

"ஒவ்வொண்ணா?"

டக்கு மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவன் பாத்துக்கிட்டு இருந்திருப்பானா?"

அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் திரையின் வெற்றிடத்தில், கடைசிப் படத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒன்று முளைத்தது. யாரும் விசையைத் தொடவில்லை. படம் இல்லை அது. எழுதிவைக்கும் சிறிய ஃபைல். அதற்குப் பெயர் மட்டும் இருந்தது.

சரிப்பா.

டக்கு அதைத் திறந்தாள். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. சொல்ல வேண்டியதைப் பெயரிலேயே சொல்லி முடித்திருந்தான்.

அப்பா அந்தச் சொல்லை உதடசைத்துப் படித்தார்.

"அன்னைக்கு வாசல்லயும் இதைத்தான் சொன்னான்" என்றார். "வேற ஒண்ணும் சொல்லல. சரிப்பான்னான். திரும்பிட்டான்."

டக்குவின் விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. புது ஃபைல் ஒன்றைத் திறந்து, 'போகாதே, அப்பாவுக்குத் தெரியாம நடந்துடுச்சு, நான்தான் எடுக்கச் சொன்னேன், போன் பண்ணு' என்று ஒரே மூச்சில் அடித்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அடித்ததில்லை. பெட்டியும் தயங்காமல் ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் காட்டியது. சேமித்தாள்.

திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது.

*மறுமுனை ஜோடியிலிருந்து விலகிக்கொண்டது.*

அவ்வளவுதான். அந்தக் கட்டம் சற்று நேரம் நின்று, யாரும் அழுத்தாமலே தானாக மறைந்தது.

"போயிடுச்சா உன் எழுத்து?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா."

"ஏன்?"

"வாங்கிக்க ஆள் இல்ல."

*

சாயங்கால வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியது. மேற்பார்வையாளர் முன்கூட்டியே அழைத்து, "எப்படி, சரியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு சார்" என்றாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லை. அங்கே திரையைப் பார்த்தபடி காத்திருக்கும் மாணவர்களுக்கு நெட்டையைத் தெரியாது.

ஆசிரியர் மண் அரிப்பைப் பற்றிப் பேசினார். மேல்மண் எப்படி ஒரே நாளில் போய்விடுவதில்லை, மெல்லிய தாளைப்போல் எப்படி உரிந்து உரிந்து போகிறது என்று பேசினார். டக்கு ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுத்துகள் அவள் விரலுக்கு அடியிலிருந்தே பிறப்பதுபோல் திரையில் ஓடின. இந்தப் பெட்டி வாங்கிய நாளில்கூட இத்தனை வேகமாக இருந்ததில்லை.

அப்பா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு நடக்கும்போது பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். ஒருமுறை எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மறுபடி போய் அதே இடத்தில் உட்கார்ந்தார். டக்குவின் கண் ஓரத்தில் அவர் தெரிந்துகொண்டே இருந்தார்.

வகுப்பு முடிந்ததும் மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னைக்கு ஒரு குறை இல்ல. இதே மாதிரி இருக்கட்டும்.'

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை.

"டக்கு" என்றார் அப்பா.

"ம்."

"பழையபடி ஆக்க முடியாதா?"

"எதை?"

"பெட்டியை. மெதுவாவே இருக்கட்டும். மூச்சு வாங்கட்டுமே. நான் கம்பியைப் பிடுங்க மாட்டேன்."

அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். மதியத்திலிருந்து அதற்காகக் காத்திருந்தாள். அம்மா போன அன்று வராத கோபம், அவன் போன அன்று வராத கோபம், எல்லாம் சேர்த்துக் கொட்டிவிடலாம் என்று இருந்தாள். சுவரோரம் இருந்த ஆளைப் பார்த்ததும் கொட்ட இடம் இல்லை.

"நான் சொன்னதும் தப்புதான்பா" என்றாள். "சரியாச் சொல்லல."

"நீ சொன்னது சரி. நீ எடுன்னு சொன்ன. நான் எடுத்தேன்." அவர் தரையில் விரலால் ஏதோ கோடு இழுத்தார். "பேச வேண்டியதை அப்பவே எடுத்துப் பேசியிருக்கணும். அதை விட்டுட்டேன்."

டக்கு திரைப் பக்கம் திரும்பினாள். "எடுத்ததெல்லாம் குப்பையில இருக்கும். இந்தப் பக்கமாவது மறுபடி வச்சிடலாம். வாங்க, வந்து பக்கத்துல உக்காருங்க."

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரீசைக்கிள் பின்னைத் திறந்ததும் படங்கள் வரிசையாக இறங்கின. அம்மா வாசலில். அம்மா மாடியில், காற்று புடவையைப் பறிக்க. அம்மாவும் நெட்டையும், அவன் உயரத்துக்குத் தலை சட்டத்துக்குள் அடங்காமல். அப்பா கடைசியாக எடுத்தது முதலிலும், முதலில் எடுத்தது கடைசியிலுமாக இருந்தன.

"எல்லாமே இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்பா."

"ஒண்ணு வேண்டாம். அது நம்ம வீட்டுப் படமே இல்ல. யாரோ கை தவறி எடுத்தது."

டக்குவின் கை நின்றது. "எது?"

"ஆளே இல்லாத படம். ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். உங்கம்மா படத்துல கை வைக்க மனசு வரல. அதான் முதல்ல அதை எடுத்துப் பழகிக்கிட்டேன்."

"நம்ம ஃபோல்டர்லயா இருந்தது?"

"மேலயே இருந்தது. முதல் படமா."

அந்த வீட்டில் இரும்புக் கட்டில் எப்போதும் இருந்ததில்லை. டக்கு வரிசையின் அடிவரைக்கும் இறங்கிப் போனாள். கடைசியில் அது இருந்தது. தேதியைப் பார்த்தாள். முந்தாநாள்.

இந்தப் பக்கத்திலிருந்து யாரும் போடாத படம். அந்தப் பக்கத்திலிருந்து, அப்பாவும் அக்காவும் என்றாவது ஃபோல்டரைத் திறந்தால் கண்ணில் படட்டும் என்று ஒருவன் போட்டுவைத்த படம். அதைத்தான் அப்பா முதலில் எடுத்திருந்தார்.

திறந்தாள்.

படுத்திருப்பவன் தன் நெஞ்சுக்குமேல் போனைப் பிடித்துக் கால் பக்கம் எடுத்தது. கட்டிலின் கம்பி. அதில் தொங்கும் ஒரு துண்டு. அதற்கு அப்பால் ஜன்னல். கட்டில் முழுக்கச் சாம்பல் நிறப் போர்வை. போர்வைக்கு அடியில் ஒரு காலின் மேடு நீளமாகப் போய், கட்டிலின் முனையில் பாதமாக நிமிர்ந்து நின்றது.

அதற்குப் பக்கத்தில் போர்வை தட்டையாக இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முன்னால் சாய்ந்து, அந்தத் தட்டையான இடத்தைத் திரைமேல் விரலால் தொட்டார். துணியை நீவிவிடுவதுபோல் ஒருமுறை நீவினார்.

"மடக்கி வச்சிருப்பான்" என்றார். "அவனுக்குக் காலை மடக்கித்தானே தூக்கம் வரும். இல்லையா டக்கு?"

அவள் படத்தைப் பெரிதாக்கி, போர்வையைத் தாண்டி, ஜன்னல் பக்கம் மெல்ல நகர்த்தினாள். கண்ணாடிக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் உச்சியில் ஒரு பெயர்ப்பலகையின் முனை தெரிந்தது. வெயில் பட்டு வெளுத்திருந்தாலும் அதில் மூன்று எழுத்துகளைப் படிக்க முடிந்தது.